ஒரு எழுத்து, 27,000 ரூபாய்

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பிரிவு)



மலர்க் குழுவினர் வந்து "ஏதாவது எழுதிக் கொடுடா" என்று கேட்டபோது ஒரு கவிதை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஏற்கெனவே முப்பத்தெட்டு கவிதை வந்துவிட்டதாம். அதில் பாதி நிலாவைப் பற்றியாம். ஆகவே நீங்கள் தப்பித்தீர்கள். நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். விடுதியில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை பாதி தெரியும். மீதிப் பாதி எனக்கும் மெஸ் செகரட்டரிக்கும் மட்டும் தெரிந்தது.

வீட்டிலிருந்து வந்து போகும் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். நம் விடுதி மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவு மொத்தத்தையும் எல்லோரும் சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு நாள் ரேட் வரும். லீவில் போனவனுக்கு அத்தனை நாளுக்கும் கழிவு உண்டு. ஆம்லெட், அவித்த முட்டை போன்ற எக்ஸ்ட்ரா ஐட்டங்களை அவரவர் கணக்கில் கூட்ட வேண்டும். எங்கள் அலுவலக கிளார்க் சார் இதையெல்லாம் நீளமான நோட்டில் கோடு போட்டு எழுதி, கால்குலேட்டரைத் தட்டி, மூன்று நாளில் முடிப்பார்.

மெஸ் செகரட்டரி எலக்ட்ரிகல் பிரிவு. எனக்கு முதலாண்டிலிருந்தே தட்டுப் பங்காளி. ஜனவரி கடைசியில் ஒரு நாள் அவன்தான், "மச்சான், நீ கம்ப்யூட்டர்தானே? இதை எக்செல்ல ஒரு பட்டனைத் தட்டினா வர்ற மாதிரி பண்ணேன்" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு இரவு உட்கார்ந்து மேக்ரோ எழுதினேன். கிளார்க் சார் நோட்டில் இருந்த அதே வரிசை: மொத்தம், கழிவு, எக்ஸ்ட்ரா, கட்ட வேண்டியது. என் அறையில் இருக்கும் ஐந்து பேர் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பைசா பிசகாமல் வந்தது. (அந்த ஐந்து பேரும் மாதம் முழுக்க விடுதியை விட்டு நகராத ஆசாமிகள் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.)

பிப்ரவரி மாதம். 28 நாள். விடுதியில் 100 பேர். லீவு ரிஜிஸ்டர்படி மொத்தம் 300 நாள் லீவு. ஆக, சாப்பிட்ட நாட்கள் 2,500. செலவு 2,25,000 ரூபாய். ஒரு நாள் ரேட் சரியாக 90 ரூபாய்! சில்லறையே இல்லாமல் வந்ததைப் பார்த்து, புரோகிராம் எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

நோட்டீஸ் போர்டில் பெயரும் தொகையும் மட்டும் ஒட்டினோம். முதல் நாள் ஒன்றும் இல்லை. எக்ஸ்ட்ரா எல்லோருக்கும் வேறு வேறாக இருந்ததால் தொகையும் வேறு வேறாக இருந்தது. பார்த்தால் சந்தேகம் வராது. இரண்டாம் நாள் லீவில் போய் வந்த பையன்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரி மெஸ்ஸில் செகரட்டரியைச் சுற்றி நின்று, "எங்க கழிவு என்ன ஆச்சு? லீவு லிஸ்டை நீ கொடுத்தியா இல்லையா?" என்று கேட்டார்கள். அவன் கொடுத்தேன் என்றான். ரிஜிஸ்டர் அவன் கையில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "டேய், உன் புரோகிராம்ல ஏதாவது..." என்று இழுத்தான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஐம்பது பேர் முன்னால், "கம்ப்யூட்டர் தப்பா கணக்குப் போடாது. நீ கொடுத்ததைத்தான் அது போடும்" என்றேன்.

மறுநாள் காலை மெஸ் போர்டில் யாரோ சாக்பீஸால் எழுதியிருந்தார்கள்: "கழிவு எங்கே? கழிவறையிலா?" சிரிப்பு வந்தது, உண்மைதான். அவன் இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனதைப் பார்த்த பிறகு வரவில்லை.

கிளார்க் சார் தன் பங்குக்குத் தேடினார். எக்ஸ்ட்ராவைத் தனியாகக் கழித்துவிட்டுப் பார்த்தால் வசூலாக வேண்டிய தொகை 2,52,000. செலவோ 2,25,000. வித்தியாசம் 27,000. அவர் உடனே, "தம்பி, ஒன்பதால வகுபடுது பாரு. எங்கேயோ ரெண்டு இலக்கத்தை இடம் மாத்தி அடிச்சிருக்கே" என்றார். கணக்குப்பிள்ளைகளின் பழைய வித்தை இது. 25 என்பதை 52 என்று மாற்றி எழுதிவிட்டால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும். எந்த இரண்டு இலக்கத்துக்கும் அப்படித்தான். இங்கே கண்ணெதிரிலேயே 25-ம் 52-ம் இருந்தன. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஒரு மதியம் முழுக்க நானும் அவரும் காய்கறி பில், மளிகை பில், கேஸ் பில் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். எல்லாம் சரி. ரேட் 90 ரூபாயாக இருந்ததால், எத்தனை நாள் கழிவு விட்டுப்போனாலும் வித்தியாசம் ஒன்பதால் வகுபடத்தான் செய்யும் என்பது அன்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. 300 லீவு நாள், 90 ரூபாய். 27,000. உட்கார்ந்து ஒரு பெருக்கல் போட்டிருந்தால் முடிந்திருக்கும்.

அதைப் போட வைத்தது மெக்கானிகல் இரண்டாம் ஆண்டுத் தம்பி ஒருவன். அன்று இரவு என் அறைக் கதவைத் தட்டி, "அண்ணா, ஒரு ஆயிரம் ரூபாய் இருக்குமா? அடுத்த மாசம் தந்திடுறேன்" என்றான். எதற்கு என்றேன். அவன் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்ததால் பிப்ரவரியில் 11 நாள் ஊரில் இருந்திருக்கிறான். 17 நாள் சாப்பாட்டுக்கு 1,500 சொச்சம் வரும் என்று அம்மாவிடம் சொல்லி அந்தப் பணத்தை வாங்கி வந்திருக்கிறான். போர்டில் 2,520 என்று போட்டிருக்கிறது. பாக்கி இருந்தால் ஹால் டிக்கெட் கிடைக்காது. சண்டை போடவில்லை, யாரையும் திட்டவில்லை. "ரூல் மாறிடுச்சோ என்னவோன்னு நினைச்சேண்ணா" என்றான். நான்கைந்து அறையில் ஏற்கெனவே கேட்டுவிட்டு வந்திருந்தான்.

அவன் எதிரிலேயே ஒரு துண்டுச் சீட்டில் போட்டேன். 17 தரம் 90, 1,530. போர்டில் 2,520. வித்தியாசம் 990, அதாவது 11 தரம் 90. லீவு லிஸ்ட் கம்ப்யூட்டரில் இருந்தது, நானே அடித்தது. அவன் பெயருக்கு நேரே 11 என்றும் இருந்தது. அப்படியானால்...

வார்டன் சாரிடம் அலுவலகச் சாவியை வாங்கிக்கொண்டு போனேன். மேக்ரோவை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு வரியாக ஓட்டினேன். கழிவைக் கணக்கிடும் வரியில் ரிபேட் என்ற வேரியபிளின் மேல் மவுஸை வைத்தேன். 990 என்று காட்டியது. சரி. அடுத்த வரியில், மொத்தத்திலிருந்து கழிக்கும் இடத்தில், அதே ரிபேட்டின் மேல் வைத்தேன். 'எம்ப்டி' என்றது. காலி!

உற்றுப் பார்த்தேன். அது அதே ரிபேட் இல்லை. மேலே ஆர், இ, பி, ஏ, டி, இ. கீழே ஆர், ஐ, பி, ஏ, டி, இ. நாம் வாயால் சொல்கிற மாதிரியே கை அடித்துவிட்டது. நமக்கு 'ரி' என்றால் ஐ தானே! தமிழ்ப் புத்தகத்தில் வேரியபிளை 'மாறி' என்று போட்டிருப்பார்கள். என் மாறி பெயரே மாறி உட்கார்ந்திருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எக்செல் மேக்ரோ எழுதும் மொழி வி.பி.ஏ. 1993-ல் எக்செல் 5 பதிப்போடு வந்தது. அதில் வேரியபிளை டிக்ளேர் செய்தே ஆக வேண்டும் என்பது கட்டாயமில்லை. புதுப் பெயர் ஒன்றைப் பார்த்தால் "இது யார்?" என்று கேட்காமல், 'வேரியன்ட்' என்ற வகையில் ஒரு காலி டப்பாவை எடுத்து வைத்துவிடும். அந்தக் காலி டப்பாவைக் கூட்டல் கழித்தலில் போட்டால் பூஜ்யம். எனவே என் மேக்ரோ 100 பேருக்கும் ஒழுங்காகக் கழிவைக் கண்டுபிடித்து, அதை ஓரமாக வைத்துவிட்டு, பூஜ்யத்தைக் கழித்திருக்கிறது. எரர் இல்லை, சத்தம் இல்லை. கல்யாண வீட்டில் யார் வந்து உட்கார்ந்தாலும் இலை போடுகிற மாதிரி.

மாட்யூலின் முதல் வரியில் 'ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட்' என்று இரண்டே சொல் எழுதியிருந்தால், ஓட்டுவதற்கு முன்பே "வேரியபிள் டிஃபைன் செய்யப்படவில்லை" என்று அந்த இடத்தை நீலம் பூசிக் காட்டி நின்றிருக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. தெரியும். 'டிம்' போட்டு ஒவ்வொன்றாக எழுதச் சோம்பல். நாற்பது வரி மேக்ரோவுக்கு இதெல்லாம் எதற்கு என்ற எண்ணம்.

என் அறைத் தோழன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். அவன் பைத்தான் பக்தன். "பைத்தான்ல டிக்ளேரே பண்றதில்லையே, உலகமே ஓடலையா?" என்பான். அவன் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. பைத்தானில் மதிப்பே கொடுக்காத பெயரைப் படிக்கப் போனால் 'நேம் எரர்' என்று நின்றுவிடும். என் ரிபேட் தப்பு அங்கே அன்றே பிடிபட்டிருக்கும். ஆனால் சமக்குறிக்கு இடது பக்கம் தப்பாக அடித்தால்? டோட்டல் என்ற வேரியபிளில் கூட்டிக்கொண்டே போக வேண்டிய லூப்பில், வலது பக்கம் சரியாக எழுதிவிட்டு இடது பக்கம் ஒரு எழுத்தை விட்டால், பைத்தான் புதிதாக ஒரு வேரியபிளை உண்டாக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். டோட்டல் கடைசிவரை பூஜ்யமாகவே நிற்கும். இதை அவனுக்கு அவன் லேப்டாப்பிலேயே செய்து காட்டினேன். "அப்படி யாருடா அடிப்பா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. அவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேனே!

ஜாவாஸ்கிரிப்டும் இப்படித்தான் இருந்தது. டிக்ளேர் செய்யாத பெயருக்கு மதிப்புக் கொடுத்தால் அது பாட்டுக்கு குளோபல் ஆகிவிடும். 2009-ல் 'ஸ்ட்ரிக்ட் மோட்' என்று ஒன்றைக் கொண்டுவந்து, கேட்பவர்களுக்கு மட்டும் அதை எரர் ஆக்கினார்கள். நம் லேப்பில் நாம் திட்டித் தீர்க்கும் சி மொழியோ முதல் நாளிலிருந்தே டிக்ளேர் செய்யாத வேரியபிளை உள்ளே விடாமல் வாட்ச்மேன் மாதிரி நிற்கிறது. முதலாண்டில் 'அன்டிக்ளேர்ட்' என்று அது சொன்ன ஒவ்வொரு தடவையும் எரிச்சல் பட்டிருக்கிறேன்.

இதில் எல்லாவற்றுக்கும் தாத்தா ஃபோர்ட்ரான். 1957-ல் ஐ.பி.எம். 704 இயந்திரத்துக்காக வந்தது. பெயரின் முதல் எழுத்து ஐ முதல் என் வரை இருந்தால் முழு எண், மற்றதெல்லாம் தசம எண் என்று ஒரு ஏற்பாடு. டிக்ளேர் செய்யத் தேவையில்லை. அட்டையில் துளை போட்டு புரோகிராம் கொடுத்த காலத்தில் எழுத்து மிச்சம் என்பது பெரிய விஷயம்தான். அதோடு நடுவில் விடும் இடைவெளியை அது கண்டுகொள்ளாது. எனவே 'டூ 10 ஐ = 1,10' என்று லூப் எழுத வேண்டிய இடத்தில் கமாவுக்குப் பதில் புள்ளி விழுந்தால், 'டூ10ஐ' என்று ஒரு வேரியபிள் இருப்பதாக அதுவே நினைத்து, அதற்கு 1.10 என்று மதிப்புக் கொடுத்துவிடும். லூப் மாயம்!

அமெரிக்காவின் நாசா நிறுவனத்தில், மெர்க்குரி விண்வெளித் திட்டத்துக்கான ஒரு புரோகிராமில் இந்தத் தப்பு நிஜமாகவே இருந்து, கண்டுபிடித்துத் திருத்தினார்கள். இதனால்தான் மரினர் 1 விண்கலம் அழிந்தது என்று பலர் எழுதியிருப்பார்கள், நம்பாதீர்கள். 1962 ஜூலை 22-ல் மரினர் 1 அழிக்கப்பட்டதற்குச் சொல்லப்படும் காரணம் வேறு: வழிகாட்டும் சமன்பாடுகளை எடுத்தெழுதியதில் ஒரே ஒரு குறி விட்டுப்போனது. அதுவும் எழுத்துப் பிழைதான், ஆனால் இந்தப் பிழை அல்ல. ஃபோர்ட்ரானுக்கு 'இம்ப்ளிசிட் நன்' என்ற வரி அதிகாரபூர்வமாக வந்தது ஃபோர்ட்ரான் 90-ல். அதை எழுதாவிட்டால் பழைய வழக்கம்தான்.

சரி, டிக்ளேர் செய்துவிட்டால் தப்பே வராதா? அப்படிச் சொன்னால் மீண்டும் ஐம்பது பேர் முன்னால் நின்று உளறிய கதையாகிவிடும். அன்று இரவே ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட் போட்டு, எல்லாவற்றையும் வரிசையாக டிக்ளேர் செய்தேன். மொத்தச் செலவை 'இன்டிஜர்' என்று போட்டேன். ஓட்டினேன். எரர் 6, ஓவர்ஃப்ளோ! வி.பி.ஏ.-யில் இன்டிஜர் 32,767 வரைதான் தாங்கும். 2,25,000 எங்கே அடங்கும்? 'லாங்' என்று மாற்றினேன். ஆனால் ஒன்று, இந்தத் தப்பு கத்தியது. கத்துகிற தப்பு எனக்கு இப்போதெல்லாம் பிடிக்கும்.

இன்னொன்று. டிக்ளேர் செய்வதால் ஸ்பெல்லிங் சரியாகிவிடாது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் சரிபார்க்கப்படும். மேலே டிம் வரியிலும் ஐ போட்டு, கீழேயும் ஐ போட்டிருந்தால் என் மேக்ரோ ஜோராக ஓடியிருக்கும். இன்டர்நெட்டில் நாம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சர்வருக்குச் சொல்லும் 'ரெஃபரர்' என்ற தலைப்பு வரியில் ஒரு ஆர் குறைவு. 1996-ல் வெளியான எச்.டி.டி.பி. ஆவணத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. எல்லோரும் ஒரே மாதிரி தப்பாக எழுதுவதால் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது! அதே சமயம் 'டே', 'டேஸ்' என்று இரண்டு பெயரையும் டிக்ளேர் செய்துவிட்டு ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அடித்தால் எந்த மொழியும் காப்பாற்றாது. ஆகையால் நான் இப்போது ஒன்றுக்கொன்று ஜாடையே இல்லாத பெயராக வைக்கிறேன். 'லீவுநாள்', 'தங்கியநாள்' என்று இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிறேன். லேப் சார் பார்த்துச் சிரித்தார், பரவாயில்லை.

ஒரு சின்ன வித்தை சொல்கிறேன். வி.பி.ஏ.-யில் டிக்ளேர் செய்யும்போது பெயரின் நடுவில் ஒரு பெரிய எழுத்து போடுங்கள். பிறகு எல்லா இடத்திலும் சின்ன எழுத்திலேயே அடியுங்கள். அடுத்த வரிக்குப் போனதும் பெயர் சரியாக இருந்தால் அதுவே பெரிய எழுத்தாக மாறிக்கொள்ளும். மாறவில்லையா, தப்பாக அடித்திருக்கிறீர்கள். கன்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் பெயரை அதுவே முடித்தும் கொடுக்கும். செட்டிங்கில் 'டிக்ளரேஷன் தேவை' என்ற கட்டத்தில் டிக் செய்தால் புது மாட்யூல்களில் ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட் தானாக வரும். பழைய மாட்யூலில் வராது, கையால்தான் எழுத வேண்டும். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர்கள் தங்களுக்கு இதெல்லாம் வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். நானும் ஹையர் பாஸ்தான்.

லீவு போட்டவன், போடாதவன், மாதம் முழுக்க லீவில் இருந்தவன் என்று மூன்று பேர் கணக்கைக் கையால் போட்டு வைத்துக்கொண்டு ஒப்பிட்டிருந்தால் ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட் இல்லாமலேயே பிடித்திருப்பேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

தப்பைக் கண்டுபிடித்தபோது மணி பன்னிரண்டரை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: திருத்திவிட்டு, "லிஸ்ட் திரும்ப வந்தது, சேர்த்தாச்சு" என்று சொல்லி விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. யாருக்கும் தெரியாது. ஆனால் அப்படிச் சொன்னால், லிஸ்ட்டை அவன் முதலில் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம் ஆகும்.

காலையில் இட்லி நேரத்தில் பெஞ்சுமேல் ஏறி நின்று சொன்னேன். லிஸ்ட் முதல் நாளே வந்துவிட்டது, கழிவை விட்டது என் புரோகிராம், ஒரு எழுத்தை மாற்றி அடித்துவிட்டேன் என்று. கொஞ்ச நேரம் அமைதி. பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "கம்ப்யூட்டர் தப்பா கணக்குப் போடாதுன்னு சொன்னியேடா!" என்றான். சிரித்தார்கள். போர்டில் இருந்ததை மெஸ் மாஸ்டரே ஈரத் துணியால் துடைத்தார். வார்டன் சார் திட்டியதை இங்கே எழுத முடியாது. மலரைச் சிறப்பு விருந்தினர் படிப்பார். அதற்குள் பணம் கட்டிவிட்டவர்களுக்கு மார்ச் பில்லில் கழித்துக்கொடுத்தோம். மெக்கானிகல் தம்பி 1,530 கட்டி ரசீது வாங்கிக்கொண்டான்.

செகரட்டரி மட்டும் அன்று மெஸ்ஸில் இல்லை. நான் சொன்னதை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறான். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வார்டன் சாரிடம் போய்ப் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். நானும் வார்டன் சாரும் எவ்வளவோ சொல்லியும் திரும்ப வாங்கவில்லை. புது செகரட்டரி சிவில் பிரிவு.

ஏப்ரல் முதல் தேதி ராத்திரி, மார்ச் பில் போட அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவன் உள்ளே வந்து, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, லீவு ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். "நான் படிக்கிறேன், நீ அடி. அடிச்சதும் சத்தமா திரும்பச் சொல்லு" என்றான். 100 பேருக்கும் நாற்பது நிமிஷம் ஆனது. வழியில் இரண்டு தப்பு பிடித்தோம். இரண்டும் நான் அடித்தது.